பதினாலாம் பிறைக்கு வெட்டிய செடிகள்

கலீல் ரஹ்மான் பாய் வீட்டில் பஞ்சுக்கும் பூச்செடிக்கும் இடத்தகராறு.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வீடு. ரோட்டைப் பார்த்தபடி ஒரு பக்கம் அவருடைய மெத்தைக் கடை, மறு பக்கம் நாலைந்து கட்டில் போடுகிற அளவுக்கு மண் தரை. பின்னால் வீடு, மாடியில் ஒற்றை அறை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை கிடைத்து வந்த எனக்கு அந்த அறையை வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். சன்னலைத் திறந்தால் மலை. குனிந்து பார்த்தால் ரசியா பேகத்தின் தோட்டம். நான் குனிந்து பார்த்ததுதான் அதிகம்.

சுவர் ஓரமாக வரிசையாய்ப் பன்னீர் ரோஜா. நடுவில், ஆசிரமத்துக்கு வந்து ஊர் திரும்பிய ஒரு ஜெர்மன்காரம்மா தொட்டியோடு விட்டுப்போன சிவப்பு ரோஜா. வேலியோரம் கனகாம்பரம், நந்தியாவட்டை, இட்லிப்பூ, ஒரு மூலையில் நித்தியமல்லி. விதை போட்டு ஒரு பருவத்தில் முடிந்துபோகும் செடி எதையும் பேகம் வைக்கமாட்டார். "வந்தா தங்கணும் சார். மூணு மாசம் தலையைக் காட்டிட்டுப் போற செடிக்கு யாரு தண்ணி தூக்கறது?" என்பார். ஆட்டுப்புழுக்கை, முட்டை ஓடு, கறி கழுவிய தண்ணீர், டீத்தூள் எல்லாம் அந்த மண்ணுக்குத்தான் போகும். கடையில் கழித்துப்போடும் பழைய பஞ்சைச் செடியின் காலடியில் பரப்பி, மேலே மண் தூவி வைப்பார். சித்திரை வெயிலில்கூட உள்ளே ஈரம் நிற்கும்.

பாய் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விடுதிகள் பெருகப் பெருக மெத்தை வேலை கூடிக்கொண்டே போனது. பஞ்சு மூட்டைகள் கடை தாண்டி, நடை தாண்டி, கட்டிலுக்கு அடியில் வந்துவிட்டன. சோற்றில் பஞ்சு, தலைவாரும் சீப்பில் பஞ்சு. அந்த மண் தரையில் ஒரு கொட்டகை போட்டால் வீடு வீடாக இருக்கும். இரண்டு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் உஸ்மாவுக்கு வாணியம்பாடியில் மாப்பிள்ளை அமைந்த அன்று பேச்சு முற்றியது. வீட்டுக்குள் அவர்கள் பேசுவது உருது. சண்டை மட்டும் எப்படியோ தமிழுக்கு வந்துவிடும், மாடிக்கு நன்றாகக் கேட்கும்.

"கல்யாணத்துக்கு சொந்தக்காரங்க வந்து எங்க படுப்பாங்க? பஞ்சு மூட்டை மேலயா?"

"மெத்தைக்காரர் வூட்டுல மெத்துனுதான் படுக்கட்டும்."

"தமாஷ் வேணாம் ரசியா. கொட்டகை போட்டே ஆவணும்."

பேகம் பேசாமல் இருக்கும்போது அந்த வீட்டில் குழாய் சொட்டுவது கேட்கும், அன்றும் கேட்டது. பிறகு சொன்னார்: "மாப்பிள்ளைக்கு செஹ்ரா இந்த மண்ணுல பூத்த பூவுலதான் கட்டுவேன். ஒரு பூ வெளியில வாங்கமாட்டேன். அப்படி என்னால முடியலைன்னா நீங்க கொட்டகை போட்டுக்குங்க. நான் வாயே தொறக்கமாட்டேன்."

செஹ்ரா என்பது மாப்பிள்ளையின் நெற்றியில் கட்டி முகத்துக்கு மேல் சரம் சரமாகத் தொங்கவிடும் பூத்திரை. பாய் கொஞ்சம் யோசித்தார்.

"பேச்சு மாறக்கூடாது."

"நான் எப்போ மாறினேன்?"

கல்யாணத் தேதியை மாப்பிள்ளை ஃபைஸின் அத்தை சொன்னார். ரம்ஜான் பெருநாள் கழிந்து அந்த மாதத்துப் பதினாலாம் பிறை. "நெலா வெளிச்சத்துல பொண்ணை அழைச்சிட்டுப் போவோம்" என்றார். எல்லாருக்கும் பிடித்திருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் தை மாதத்தில் அந்த நாள் வந்தது.

பேகம் அன்றே பின்னோக்கிக் கணக்குப் போட்டார். நம் ஊர்ப் பனிக்காலத்தில் ரோஜாவை வெட்டிவிட்டால் ஒன்றரை மாதத்தில் பூ. நோன்பு தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, மார்கழிக் குளிரில், கத்தரியோடு இறங்கினார். ஒவ்வொரு கிளையிலும் வெளிப்பக்கம் பார்த்த கணுவைத் தேடி, அதற்கு மேலே சாய்வாக ஒரு வெட்டு. வெட்டின இடத்தில் மஞ்சளும் சாணியும் குழைத்துத் தடவினார். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் தோட்டமே இல்லை. குச்சி குச்சியாய் நின்றது.

ஆசிரமத்து வாசலில் பூ விற்கும் சந்திரம்மாள் பின்தெருவில் குடியிருந்தாள். வீட்டுக்குப் போகும்போது நின்று பார்த்தாள்.

"இன்னா பேகம்மா, செடிக்கு மொட்டை போட்டுட்ட? வேண்டுதலா?"

"ஒன்றரை மாசம் கழிச்சு வா. நீதான் செஹ்ரா கட்டற."

"என் கூலி ஜாஸ்தி."

"மல்லிப்பூவாட்டம் பல்லைக் காட்டாத. கட்டித் தருவியா, மாட்டியா?"

"கட்டாம? உஸ்மா கல்யாணத்துக்கு நான் கட்டாம வேற எவ கட்டுவா?"

நோன்பு தொடங்கியது. விடியலுக்கு முந்தைய சாப்பாடு முடிந்ததும் பேகம் டார்ச் லைட்டோடு தோட்டத்தில் இருப்பார். பத்தாம் நாள் வாக்கில் கணுக்கள் உடைந்து சிவப்புத் துளிர் வந்தது. நல்ல சிவப்பு, குழந்தையின் உள்ளங்கை போல. "சார், வாங்க, வந்து பாருங்க" என்று என்னை மாடியிலிருந்து கூப்பிட்டார். அதுவரை வாடகை விஷயத்துக்குக்கூட என்னை அவர் கூப்பிட்டதில்லை.

அந்த மாதத்துப் பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டம் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டிருந்த காலம் அது. மத்தியானத்திலேயே ரோடு நிறைந்துவிட்டது. பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு சைக்கிள் போக வழியில்லை. நான் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். சாயங்காலம் நோன்பு திறந்து, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. வாசலில் பூக்கூடையோடு சந்திரம்மாள் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஒரு வாய்க் கஞ்சி குடு பேகம்மா. காலையிலேர்ந்து நின்னு காலு வுட்டுப்போச்சு. ரோட்டைத் தாண்டி வரதுக்கே அவ்ளோ நேரம்."

பாய் உற்சாகமாக இருந்தார். "இந்தத் தடவை எல்லா மெத்தையும் வாடகைக்குப் போயிருச்சு. அடுத்த பவுர்ணமிக்கும் இப்பவே சொல்லிவெச்சிட்டாரு கோதண்டராமன். அவரு லாட்ஜுக்கே ஒரு வண்டி மெத்தை."

"உங்களுக்கு இன்னைக்கு எத்தினியாவது நோம்பு பாய்?" என்று கேட்டாள் சந்திரம்மாள், கஞ்சியை ஊதியபடி.

"பதிமூணு முடிஞ்சிது. ராத்திரிக்குப் பதினாலாம் பிறை."

அவள் ஊதுவதை நிறுத்தினாள். வெளியே எட்டி, கிழக்கே எழும்பிக்கொண்டிருந்த நிலாவைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள்.

"அப்ப கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தானே இருக்கும்?"

வாசலுக்கு வெளியே ஆயிரம் கால்கள் தேய்த்து நடக்கும் சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. உஸ்மாதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, வாணியம்பாடி வேன் எங்க நிக்கும்?"

பாய் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மாதா மாதம் பௌர்ணமி பார்த்து மெத்தை அனுப்புகிற மனிதர். பிறை பார்த்து நோன்பு பிடிக்கிற மனிதரும் அவரேதான். இரண்டும் ஒரே நிலா என்பது அவர் தலைக்குள் ஒருநாளும் சந்தித்துக்கொள்ளவில்லை.

"யா அல்லாஹ்" என்றார் மெதுவாக. "பிரியாணி தேக்சா உள்ள வராது. மாப்பிள்ளையே உள்ள வரமாட்டான்."

"வருவாரு," என்றாள் சந்திரம்மாள். "மலையைச் சுத்திக்கிட்டு வருவாரு. புண்ணியம்."

மறுநாள் காலை பாய் தொலைபேசிக் கடையில் போய் நின்றார். ஃபைஸின் அத்தைக்குப் புரியவைக்கப் பாடுபட்டிருக்கிறார். "எங்க ஊர்ல பதினாலாம் பிறைன்னா பஸ் ஓடாதுங்க" என்றால் யாருக்குப் புரியும்? ஃபைஸின் அண்ணன் லீவு முடிந்து சவூதிக்குப் போகவேண்டும். அதனால் தள்ளிப் போட முடியாது. கடைசியில் ஒரு வாரம் முன்னால் இழுத்தார்கள். மண்டபமும் கிடைத்தது. எல்லாருக்கும் நிம்மதி.

பேகம் தோட்டத்துக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துளிர்கள் விரலளவு நீண்டிருந்தன. நான் ஆபீஸுக்குக் கிளம்பி, வேலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஒரு வாரம் சார்," என்றார் அவர் திரும்பாமலே. "மனுசனை அவசரப்படுத்தலாம். செடியை எப்படி?"

ஆனால் அவர் அவசரப்படுத்தத்தான் செய்தார். அன்று மத்தியானமே, தோட்டத்தின் மேல் நிழல் விழுந்த வேப்பமரத்தின் தாழ்ந்த கிளைகளை ஆளை வைத்து வெட்டி, வெயிலை உள்ளே விட்டார். ஜெர்மன் ரோஜாத் தொட்டியை நானும் உஸ்மாவும் மொட்டை மாடிக்குத் தூக்கினோம். என் சட்டையில் முள் கிழித்த தடம் ரொம்ப நாள் இருந்தது. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து அந்தத் தெளிவை ஊற்றினார். தெருவே மூக்கைப் பிடித்தது. பனி விழத் தொடங்கியதும் செடிகளைச் சுற்றிக் குச்சி நட்டு, பழைய மெத்தை உறைகளைப் போர்த்துவார். காலை வெயில் வந்ததும் எடுத்துவிடுவார். ரோட்டில் போகிறவர்கள் வெள்ளை வெள்ளையாய்ப் போர்த்திக்கொண்டு நிற்கும் செடிகளைப் பார்த்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

"செடிக்குக் குளிர் ஜுரமா பேகம்மா?" என்றாள் சந்திரம்மாள்.

"உனக்கு வந்தா உனக்கும் ஒரு உறை தரேன், போ."

பாய் இதையெல்லாம் கவனிக்காதவர் போல இருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து கொட்டகைக்குச் சவுக்குக் கம்புகள் வரவழைத்துச் சுவரில் சாய்த்துவைத்தார். தகரமும் வந்து இறங்கியது. "கல்யாணம் முடிஞ்ச கையோட வேலையை ஆரம்பிச்சிரணும்" என்று என்னிடம் சொன்னார். ஆனால் ஒரு காலை, பேகம் குளிக்கப் போயிருந்த நேரம், அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோஜாச் செடிகளுக்கு நடுவில் குனிந்து நிற்பதை மாடியிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு கிளையாக விரலால் நிமிர்த்திப் பார்த்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"மொட்டு வந்திருச்சு போல சார்."

"ஆமாங்க பாய்."

"பட்டாணி சைசுதான் இருக்கு." ஒரு மொட்டை மறுபடி தொட்டார். "விரியுமா?"

அவர் எந்தப் பதிலை எதிர்பார்த்தார் என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அடுத்த நாள் ராத்திரிப் போர்வைகளில் ஒன்று புது உறையாக இருந்தது. கடையில் தைத்து அடுக்கிவைத்த உறை. பேகம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பெருநாள் வந்துபோனது. மொட்டுகள் பருத்தன. வீடு முழுக்க ஒரே பரபரப்பு. தையல்காரர், பாத்திரக்காரர், மருதாணி, உறவுக்காரர்கள். வருகிற ஒவ்வொருவரையும் பேகம் முதலில் தோட்டத்துக்கு இழுத்துப்போய்த்தான் வீட்டுக்குள் விட்டார். பச்சை மூடிக்குள்ளிருந்து கோடு போல ஒரு ரோஸ் நிறம் எட்டிப் பார்த்த அன்று, மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்தபடி உஸ்மா வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அம்மி, பூ இல்லைன்னா நிக்காஹ் ஆவாதா? ஏன் இப்படி அலையற?"

"நிக்காஹ் ஆவும். கொட்டகையும் ஆவும்."

"ஆனா இன்னா? நீ வாணியம்பாடிக்கு வா. அங்க ஒரு தோட்டம் போடு."

பேகம் மகளை ஏறிட்டுப் பார்த்தார். "நீ போற. நானும் போயிட்டா இங்க யாரு இருக்கறது?" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். உஸ்மா மருதாணி காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாண நாள் காலை. சந்திரம்மாள் நார், ஊசி, ஜரிகையோடு வந்துவிட்டாள். தோட்டத்தில் அங்கங்கே அரைகுறையாய் அவிழ்ந்த பூக்கள் சில. மற்றதெல்லாம் நுனியில் நிறம் காட்டி, இறுக்கமாக மூடிய மொட்டுகள். செடி கொள்ளாத மொட்டு. ஒரு வாரத்துக்குப் பிறகு வந்து பார் என்று சொல்வது போல நின்றன.

சந்திரம்மாள் ஒரு மொட்டைத் தொட்டுப் பார்த்தாள். "இதை ஊதி ஊதி விரலால பிரிச்சிட்டா பூவாட்டம் ஆயிரும். நாங்க கடையில பண்றதுதான்."

"வேணாம். பிரிச்சா மத்தியானத்துக்குள்ள கருத்துரும்."

"சரி, இன்னொண்ணு சொல்றேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஓசூர் ரோஜா ரெண்டு கூடை வந்திருக்கு. எடுத்தாந்து கட்டிடறேன். பாய்க்கு இன்னா தெரியப்போவுது?"

பேகம் வெகுநேரம் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாடிப்படியில் செருப்பை மாட்டியவன் மாட்டியபடியே நின்றேன்.

"அவருக்குத் தெரியாது சந்திரா," என்றார் கடைசியில். "எனக்குத் தெரியும்ல."

செஹ்ரா மல்லிகையில்தான் ஆனது. சந்திரம்மாள் வாங்கி வந்த மல்லிகை. தோட்டத்தில் மலர்ந்த அந்தச் சில பூக்களைக்கூட அதில் வைக்க பேகம் ஒத்துக்கொள்ளவில்லை. அவற்றை உஸ்மாவின் தலையில் வைத்தார். மண்டபத்தில் ஃபைஸின் முகத்தின் மேல் வெள்ளைச் சரங்கள் ஆடின. பாய் அதைப் பார்த்தார். ஒருமுறை மனைவி இருந்த பக்கம் திரும்பினார். பிறகு பந்திக்கு ஆளை அழைக்கப் போய்விட்டார்.

உஸ்மா போன மறுநாள் பேகம் தானாகவே சொன்னார்: "கம்பை நடுங்க. நான் வாய் தொறக்கலை."

"இருக்கட்டும். புள்ளைங்க விருந்துக்கு வந்துட்டுப் போவட்டும்."

புதுமணத் தம்பதியின் முதல் விருந்துக்கும் ஃபைஸின் அத்தைதான் நாள் சொன்னார். நல்ல நாள் வீணாகக்கூடாதாம். பதினாலாம் பிறை. பாய் தொலைபேசியில் மறுபடி பஸ் கதையை ஆரம்பிக்க, ஃபைஸே வாங்கிப் பேசியிருக்கிறான். "ரெண்டு பேருதானே மாமா. எறக்கிவுடற எடத்துலேர்ந்து நடந்து வந்துடறோம்."

வாரக் கடைசியில் மொட்டுகள் அவிழ ஆரம்பித்தன. முதல் நாள் நாலு பக்கத்திலும் ஒவ்வொன்று. அடுத்த நாள் கொத்துக் கொத்தாக. பௌர்ணமியன்று காலை நான் சன்னலைத் திறந்ததும் வாசனைதான் முதலில் வந்தது. சுவர் நீளத்துக்கும் பன்னீர் ரோஜா. மொட்டை மாடியில் ஜெர்மன்காரம்மாவின் சிவப்பு, கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்த்தது. வேலியோரம் கனகாம்பரமும் சேர்ந்துகொண்டது. பேகம் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையில் கத்தரி. ஆனால் எதையும் வெட்டவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார். தோற்றவர் சிரிப்பு போல இல்லை.

"பாருங்க சார். கணக்கு தப்பலை. சொன்ன தேதிக்கு வந்திருச்சு."

மத்தியானம் தாண்டி ரோடு நிறைந்தது. மெத்தைகள் முதல்நாளே லாட்ஜுகளுக்குப் போய்விட்டதால் பாய் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே பிரியாணி தம்மில் இருந்தது. கூட்டம் வேலியை ஒட்டிப் போகும்போது நடை தளர்ந்தது. "யம்மா, இன்னா பூ பாரு" என்றார்கள். சிலர் நின்றே விட்டார்கள். பிறகு ஒரு கை வேலிக்கு மேலே நீண்டது. வழியில் வரும் லிங்கத்துக்கு வைக்க ஒரு பூ. அதைப் பார்த்து இன்னொரு கை. ஒரு கிளை முறியும் சத்தம் கேட்டது.

பாய் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"யம்மா, கையை வெக்காதீங்க. தாயே, அண்ணே, தள்ளிப் போங்க. எங்க வூட்டு மாப்பிள்ளைக்கு வெச்சிருக்கு."

"சாமிக்குத்தாங்க பாய், ஒண்ணே ஒண்ணு."

"சாமிக்குன்னா கேளுங்க, நாங்களே குடுக்கறோம். ஒடைச்சா எப்படி? எங்க வூட்டம்மா இதுக்கு ராப்பகலா போர்வை போத்தி வளத்தது."

உள்ளிருந்து வந்த பேகம் கதவருகிலேயே நின்றுவிட்டார். பாய் வேலிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கூட்டத்தின் அழுத்தத்தில் மூங்கில் வேலி உள்பக்கம் சாய்ந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் சாய்ந்திருந்த சவுக்குக் கம்புகளைப் பார்த்தார். ஒன்றை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சார், கீழ வாங்க. கடப்பாரை கடைக்குப் பின்னால இருக்கு."

நான் இறங்கி ஓடினேன். அவர் குழி தோண்ட, நான் கம்பைப் பிடித்தேன். ஒன்று, அடுத்தது. ரோட்டுக்கும் செடிகளுக்கும் நடுவில் வரிசையாக நட்டுக்கொண்டே போனோம். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் தன் பையைக் கீழே வைத்துவிட்டு, காலால் மண்ணை மிதித்து இறுக்கிக் கொடுத்தார். பாய் அவர் கையில் ஒரு பூவைப் பறித்துக் கொடுத்தார். தானே பறித்தார். அதற்குமுன் அந்தத் தோட்டத்தில் அவர் ஒரு இலை கிள்ளி நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் இரண்டு தலைகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. புதுச் சட்டையில் ஃபைஸ், புதுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு. பின்னால் புர்காவில் உஸ்மா, ஒரு இனிப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி.

"ரொம்ப தூரம் மாமா," என்றான் ஃபைஸ் மூச்சு வாங்க. "வர வழியெல்லாம், மலையை இந்தப் பக்கமா சுத்தக்கூடாது, திரும்பு திரும்புன்னு எல்லாரும் என்னைத் திருப்பிவுடறாங்க."

உஸ்மா முகத்திரையைத் தூக்கினாள். தோட்டத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பேகம் கத்தரியை எடுத்துக்கொண்டு செடிகளுக்குள் இறங்கிவிட்டார்.

சந்திரம்மாளுக்கு அன்று வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரம். எப்படித் தெரிந்ததோ, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துசேர்ந்தாள். வாசலில் உட்கார்ந்து நாரை விரலில் சுற்றினாள்.

"கல்யாணம் ஆன மாப்பிள்ளைக்கு செஹ்ராவா? எந்த ஊர் வழக்கம் இது?"

"எங்க ஊரு வழக்கம்," என்றார் பாய் தோண்டும் குழியிலிருந்து தலையைத் தூக்காமல். "நல்லா நெருக்கமா கட்டு."

வெட்டிய பூக்கள் துண்டில் குவிந்துகொண்டே வந்தன. வெட்ட வெட்டச் செடியில் குறையவில்லை. நிலா எழும்பிய நேரத்தில் ஃபைஸ் நடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நெற்றியிலிருந்து மார்பு வரை பன்னீர் ரோஜா. உள்ளேயிருந்து தும்மினான். உஸ்மா அவன் முகத்துக்கு முன்னால் சரங்களை விலக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வேலிக்கு வெளியே நின்ற பெண்கள், யாரென்று தெரியாமலே, குலவை போட்டார்கள்.

பாய் கடைசிக் கம்பைக் கையில் பிடித்தபடி நின்றார். மூலையில் இன்னும் குழி தோண்டவில்லை. கைலியெல்லாம் செம்மண். தோட்டத்துக்குள் திரும்பி, மனைவியைக் கேட்டார்.

"ரசியா, இது இங்க போதுமா? இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி நடணுமா?"

பேகம் நிமிர்ந்தார். கம்பையும் அதற்கு அப்பால் கடைச் சுவர் வரை இருந்த வெறும் மண்ணையும் பார்த்தார். ரோட்டில் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது.

"தள்ளியே நடுங்க," என்றார். "அடுத்த வருஷம் செடி பரவும்."